நான்கு ஞாயிறு அபராதம்

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்கவயல்.
18-10-1943

அன்பும் மரியாதையும் உள்ள ஃப்ளோரன்ஸ் அக்காவுக்குத் தங்கை ஆனி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் அவரும் நோராவும் சுகம். உங்கள் சுகம் தெரியாமல் நாலு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னையில் சங்கு ஊதியதாம், குண்டு விழுந்ததாம் என்று சுரங்க ஆபீசில் பேசிக்கொண்டார்களாம். அவர் வந்து சொன்னார். "சாந்தோம்ல உங்க வீட்டுப் பக்கம் ஒண்ணும் ஆகியிருக்காது" என்று ஆறுதலும் சொன்னார். வாசலில் நின்றால் கடல் தெரியும் வீடு நம்முடையது. எனக்கு எப்படி ஆறுதல் வரும்?

அம்மா போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகின்றன. அதற்குள் ஆறு கடிதம் எழுதிவிட்டேன், இது ஏழாவது. கோபம் இருக்கட்டும் அக்கா, அது உங்கள் பாத்தியதை. ஒரு கார்டில் "இருக்கிறேன்" என்று ஒரு வார்த்தை எழுதிப் போட்டால் போதும்.

நோரா பெரியம்மாவுக்கு முத்தம் அனுப்புகிறாள்.

உங்கள் அன்புத் தங்கை,
ஆனி

*

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
3-11-1943

அன்புள்ள அக்காவுக்கு ஆனி வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். பதில் வரவில்லை. ஆனால் என் கடிதமும் திரும்பி வரவில்லை. வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று மரித்த விசுவாசிகளின் திருநாள். அம்மாவின் கல்லறைக்குப் போனோம். நோரா செவ்வந்திப்பூ வைத்தாள். உங்கள் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காற்று பலமாக இருந்தது. என்னுடையது இரண்டு முறை அணைந்தது, உங்களுடையது கடைசிவரை நின்று எரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "உங்க அக்கா மாதிரியே இருக்கு" என்றார்.

ரேஷன் அரிசியில் கல் அதிகம் என்று கேள்விப்பட்டேன். பல் பத்திரம்.

ஆனி

*

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்,
சென்னை.
28-11-1943, ஆகமன கால முதல் ஞாயிறு

ஆனிக்கு அக்கா ஃப்ளோரன்ஸ் எழுதுவது. நான் சுகம். நீங்கள் மூவரும் சுகம் என்பதை உன் கடிதங்களிலிருந்து அவ்வப்போது தெரிந்துகொண்டேன். சுகம் விசாரித்தாகிவிட்டது.

இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. இது பாவசங்கீர்த்தனத்தில் எனக்கு விதிக்கப்பட்ட அபராதம். உனக்குள் வேறு நினைப்பு வளரக்கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பங்கில் இருந்த பழைய சாமியாருக்குக் காது மந்தம். ஒன்றரை வருஷமாக உன் விஷயம் வரும் இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு ஆசீர் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். அவரை மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்திருப்பவருக்கு வயது முப்பத்தைந்துகூட இராது, காது மட்டும் பாம்புச் செவி. நேற்று நான் அந்த இடத்துக்கு வந்ததும், "அதை நிதானமா சொல்லுங்க டீச்சர்" என்றார். சொன்னேன். "கூடப்பிறந்த தங்கையோடு ஒன்றரை வருஷமா பேச்சு இல்லையா? அப்புறம் எந்த மனசைத் துடைச்சுப் பாலனுக்குத் தொட்டில் போடப் போறீங்க?" என்று கேட்டார். எனக்கு யாரும் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லை.

ஆகமன காலத்தின் நாலு ஞாயிறும் உனக்கு ஒவ்வொரு கடிதம் எழுத வேண்டும். நீ செய்த குற்றத்தை அதில் எழுதக்கூடாது. நாலாவது கடிதத்துக்குள் மனம் இறங்கவில்லை என்றால் கிறிஸ்மஸ் திருநாள் பூசையில் நற்கருணை நன்மை வாங்க நான் முன்னால் போகக்கூடாது. இவ்வளவும் அவர் விதித்தது. இருபத்திரண்டு வருஷமாக என் வகுப்புப் பிள்ளைகளை நன்மை வாங்க அழைத்துப்போகிறவள் நான். பெஞ்சியிலேயே உட்கார்ந்திருந்தால் அறுபது தலைகள் திரும்பிப் பார்க்கும். அதற்கு நான் இடம் கொடுக்கப்போவதில்லை. மனம் இறங்கத்தான் வேண்டும் என்றால் இறங்கும். நான் எடுத்த காரியம் எதையும் பாதியில் விட்டதில்லை.

சாமியார் சொன்னபடி நீ செய்ததை நான் எழுதவில்லை. போன வருஷம் ஏப்ரலில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிய வாரத்தில், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து நீயும் உன் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸும் வந்து எழுபத்தொரு வயது அம்மாவை ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியேற்றிக்கொண்டு போனதை எழுதவில்லை. நான் வந்தபோது கட்டில் காலியாக இருந்ததை எழுதவில்லை. நாலே மாதத்தில் அம்மா அங்கே கண்ணை மூடி, அப்பாவின் பக்கத்தில் கிடக்க வேண்டியவர்கள் யாரோ ஊர்க் கல்லறையில் கிடப்பதையும், அம்மாவை நீ கொண்டுபோன அன்று முதல் நம் குடில் பெட்டியில் பாலன் சேசுவின் சுரூபம் காணாததையும் எழுதவில்லை.

வகுப்பில் குடில் வேலை தொடங்கிவிட்டது. ஆசைப்பட்ட ஒன்றை அடக்கினால் தொட்டியில் ஒரு வைக்கோல் போடலாம் என்பது விதி. பிள்ளைகள் மாங்காய்ப் பத்தையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். இந்தக் கடிதத்துக்காக நாளை நான் ஒரு கைப்பிடி போடப்போகிறேன்.

முதல் பங்கு தீர்ந்தது.

ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
1-12-1943

அன்புள்ள அக்காவுக்கு ஆனி எழுதுவது. உங்கள் கடிதம் நேற்று வந்தது. நாங்கள் சுகம், இன்றைக்கு இன்னும் கொஞ்சம் சுகம்.

அபராதமாக வந்தாலும் கடிதம் கடிதம்தானே? தபால்காரர் கையில் உங்கள் எழுத்தைப் பார்த்ததும் மாவரைத்த கையோடு ஓடினேன். உறையில் இன்னும் மாவு இருக்கிறது. அந்தச் சாமியாருக்காக இன்று ஒரு ஜெபமாலை சொன்னேன்.

நீங்கள் எழுதவில்லை என்று எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான். உங்களிடம் சொல்லாமல் அழைத்து வந்தது நான் செய்த தப்பு. அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே நாங்களும் திருநாளுக்கு மனதைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். அவர் மூக்குப்பொடி போடுவதை விட்டிருக்கிறார், அதனால் வீட்டில் எல்லாருக்கும் தவம். நோரா வெல்லம் தின்பதை விட்டுவிட்டாள். உங்களுக்கு ஏதோ எழுத வேண்டுமாம். இடம் விட்டிருக்கிறேன்.

ஆனி

பெரியம்மாவுக்கு நோரா எழுதுவது. நான் நான்காம் வகுப்பு. எங்கள் பாலன் சேசுவுக்கு நான் நீலச் சட்டை தைத்திருக்கிறேன். இடது கையில் சுண்டுவிரல் இல்லாததால் சட்டைக் கையை நீளமாக வைத்தேன். பாட்டி தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்ததால் விரல் உடைந்ததா, முன்பே உடைந்ததா? அம்மாவுக்குத் தெரியவில்லை.

*

சேசு மரி சூசை

சாந்தோம்
5-12-1943, இரண்டாம் ஞாயிறு

ஆனிக்கு. சுகம். சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்திருந்தாய், உன் மகள் ஒரே கிண்டில் வெளியே எடுத்துவிட்டாள். அப்பா வாங்கி வந்த பாலன் உன் வீட்டில் இருக்கிறார். போன திருநாளுக்கு நான் குடில் வைத்தேன். மாதாவும் சூசையப்பரும் வெறும் தொட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர்கள் எல்லாரும் "பாலன் எங்கே டீச்சர்?" என்று கேட்டார்கள். "தேடிக்கொண்டிருக்கிறேன்" என்றேன். அம்மாவைக் கொண்டுபோனவள் அதையும் கொண்டுபோயிருக்கிறாய். ஒரு கடிதத்திலாவது அதைச் சொன்னாயா?

நோராவுக்குப் பதில்: விரல் முன்பே உடைந்தது. ஏழு வயதில் நான்தான் உடைத்தேன். சட்டைக் கையை நீளமாக வைத்தது நல்ல யோசனை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. மன்னிப்பதென்று தீர்மானம் செய்துவிட்டேன், மன்னித்தே தீருவேன். ஆனால் நான் வகுப்பில் ஒரு பிள்ளையை மன்னிப்பதாக இருந்தாலும், அவள் செய்தது இன்னது என்று முதலில் விசாரித்துத் தெரிந்துகொள்வேன். அரைகுறையாகத் தெரிந்த குற்றத்துக்கு அரைகுறை மன்னிப்புத்தான் கிடைக்கும். "நான் செய்த தப்பு" என்று ஒற்றை வரியில் மூடிவிடுகிறாய். அம்மா அழுதார்களா, வரமாட்டேன் என்றார்களா, நீ கையைப் பிடித்து இழுத்தாயா, என்ன பொய் சொல்லி ஏற்றினாய்? எனக்குத் தெரிய வேண்டும். நான் தோமையார் கோவில் பங்குக்காரி. அவரைப் போல நானும் தொட்டுப் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

பக்கத்து வீட்டு ஷரஃபுதீன் பாயின் மனைவி ஹாஜிரா பீ அன்று மத்தியானம் வாசலில்தான் இருந்தார்களாம். அவர்களைக் கேட்கப்போகிறேன். கேட்டுவிட்டு, உன் குற்றம் முழுவதையும் அறிந்து, முழுவதையும் மன்னிப்பேன். இது உறுதி.

இரண்டாம் பங்கு தீர்ந்தது.

ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
8-12-1943, அமலோற்பவ மாதா திருநாள்

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் சுகம். உங்கள் கடிதம் கிடைத்த கையோடு எழுதுகிறேன்.

ஹாஜிரா பீயை ஒன்றும் கேட்க வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, நடந்ததெல்லாம் சரியாக நினைவிருக்காது. நான் இழுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொல்லி ஏற்றினேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படி எழுதிக் கொடுத்தாலும் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அதை வைத்து என்னை மன்னித்துவிடுங்கள், போதும்.

பாலனை மறைத்தது குற்றம்தான். அவருடைய ஆபீசிலிருந்து பதினெட்டாம் தேதி ஒருவர் சென்னைக்கு வருகிறார். பஞ்சு வைத்துக் கட்டி அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். திருநாளுக்கு முன் உங்கள் குடிலுக்கு வந்துவிடும். நோரா அழுவாள், சமாதானப்படுத்திக்கொள்வேன்.

பரங்கிமலை மாதா திருநாளுக்குப் போவீர்களா? மலை ஏறும்போது முழங்கால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாஜிரா பீயைக் கேட்காதீர்கள்.

ஆனி

*

சாந்தோம்
12-12-1943, மூன்றாம் ஞாயிறு

ஆனிக்கு.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே கேட்டுவிட்டேன்.

எழுத வேண்டிய ஞாயிறு என்பதால் எழுதுகிறேன். வேறு ஒன்றும் எழுத முடியவில்லை. பாலனை அனுப்பாதே.

ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
15-12-1943

அன்புள்ள அக்கா, சுகமா? மெய்யாகவே கேட்கிறேன், சுகமா? இதுவரை நீங்கள் எழுதியதில் திட்டு இருந்தது. திட்டு வந்தால் நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்த நாலு வரியைப் பார்த்துப் பயந்துபோனேன். மேலே சேசு மரி சூசை என்றுகூட நீங்கள் எழுதவில்லை.

ஹாஜிரா பீ என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன். என்ன சொல்லியிருந்தாலும் அம்மாவின் மேல் மட்டும் வருத்தப்படாதீர்கள். அவர்கள் உங்களைக் குறைவாக நினைத்ததே இல்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், "எங்க ஃப்ளோரா அறுபது புள்ளைங்கள ஒத்தக் குரல்ல அடக்கிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

பாலனை அனுப்பவில்லை. ஏன் என்றும் தெரியவில்லை. இரண்டு வரியாவது எழுதுங்கள்.

ஆனி

*

சேசு மரி சூசை

சாந்தோம், மயிலாப்பூர்
19-12-1943, நான்காம் ஞாயிறு

என் அன்புத் தங்கை ஆனிக்கு,

உடம்பு சுகமாக இருக்கிறது. உன்னுடைய, ஆம்ப்ரோஸுடைய, நோராவுடைய சுகத்துக்காக இன்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டேன். சென்ற வாரக் கடிதத்தின் தலையில் அந்த மூன்று திருப்பெயர்களையும் எழுத எனக்குக் கை வரவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். பத்தாம் தேதி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹாஜிரா பீ வீட்டுக்குப் போனேன். அவர்கள் முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் சாட்சி விசாரிக்கும் குரலில், "அன்னைக்கு என் தங்கை எங்க அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போனா? நீங்க பாத்தது பாத்தபடி சொல்லணும்" என்றேன்.

அவர்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். "டீச்சரம்மா, நீங்க கேப்பீங்கன்னு ஒன்றர வருசமா காத்துக்கினு கீறேன். ஒங்க தங்கச்சி ஒண்ணும் இஸ்துக்கினு போவல. அவங்க வண்டிய விட்டு எறங்கறதுக்கு முன்னாடியே ஒங்கம்மா பொட்டியக் கட்டி வெச்சிட்டு வாசப்படில குந்திக்கினு இருந்தாங்க" என்றார்கள்.

நான் நம்பவில்லை. "அவங்க வர்றது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்கினேன்.

"அவங்கதானே வரச்சொன்னாங்க. எங்க வஜீஹாதான் கார்டு எய்திச்சு. 'என்னை வந்து கூட்டிக்கினு போ, அக்காவுக்குத் தெரிய வாணாம்'னு ஒங்கம்மா சொல்லச்சொல்ல இது எய்திச்சு."

வஜீஹா உள்ளே தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்தாள். என் வகுப்பில் படித்த பெண், என்னிடம் பொய் சொல்லத் தெரியாதவள். தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா டீச்சர்" என்றாள்.

பிறகு ஹாஜிரா பீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிராக்டீசுக்கு சங்கு ஊதுவாங்க இல்ல, நீங்க இஸ்கூல்ல இருக்கசொல்லோ? அப்ப ஒங்கம்மா இங்க ஓடியாந்துருவாங்க. தோ, இந்தக் கட்டிலுக்குக் கீய பூந்துக்குவாங்க. நானும் கூடவே பூந்து கையப் புடிச்சுக்கினு இருப்பேன். சேலையெல்லாம் நனைஞ்சிரும். தொவச்சிக் குடுத்து அனுப்புவேன். 'ஃப்ளோராகிட்ட சொல்லிடாதம்மா, அதுக்கு இதெல்லாம் புடிக்காது'ன்னுவாங்க. போற அன்னிக்கு அந்தக் கொயந்த சாமிய முந்தானைல சுத்தி மடில வெச்சிக்கினாங்க. 'இது கூட இருந்தா எனக்குப் பயம் தெரியாது, ஃப்ளோரா மன்னிச்சிரும்'னாங்க."

மன்னிக்க வேண்டியவள் நான் என்று அம்மாவும் நினைத்திருக்கிறார்கள். நான் வீட்டிலிருக்கும்போது சங்கு ஊதினால் என்ன செய்வேன் என்பது உனக்குத் தெரியாது. அம்மா நடுங்குவார்கள். "விசுவாசம் இல்லாதவங்களுக்குத்தான் பயம் வரும்" என்று சொல்லி, கல் தரையில் முழங்காலில் நிற்கவைத்து விசுவாச மந்திரம் சொல்லச் சொல்வேன். எழுபத்தொரு வயதில் அவர்கள் பல் தந்தியடிக்கச் சொல்லி முடிப்பார்கள். தவறினால் திரும்பச் சொல்ல வைப்பேன். இதை நான் மறந்ததில்லை. ஆனால் ஒரு நாளும் சங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை, ஏனென்றால் அதைப் பக்தி என்று நினைத்திருந்தேன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று பிறரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உனக்கு வாய் இருக்கிறதே ஆனி, ஒன்றரை வருஷமாக ஏன் திறக்கவில்லை என்று முதலில் உன் மேலேயே கோபம் வந்தது. பிறகு புரிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாய். "நான் இழுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாயே, அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில், உனக்கு எழுதிய முதல் கடிதத்துக்காகத் தொட்டியில் போட்டிருந்த கைப்பிடி வைக்கோலைப் பிள்ளைகள் பார்க்கவே திரும்ப எடுத்தேன். "ஏன் டீச்சர்?" என்று கேட்டார்கள். "தப்பா போட்டுட்டேன்" என்றேன். அந்த வகுப்பில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுவே முதல் தடவை. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

நேற்று சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எந்த இடத்திலும் வேகமாகச் சொல்லவில்லை. அவர், "நாலாவது கடிதத்தையும் எழுதி தபால்ல போடுங்க டீச்சர். அது பின்னாலேயே நீங்களும் போங்க" என்றார். வகுப்பை வேறு டீச்சர் அழைத்துப்போவார்கள். நான் உன் கோவிலில், உன் பக்கத்தில் முழங்காலில் நின்று நன்மை வாங்குவேன், நீ அனுமதித்தால்.

செவ்வாய்க்கிழமை தோமையார் திருநாள். பிள்ளைகளின் பாட்டு இருக்கிறது, அதை விட முடியாது. வியாழக்கிழமை காலை வண்டி ஏறுகிறேன். பௌரிங்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று ஷரஃபுதீன் பாய் விசாரித்துச் சொன்னார். பாலன் அங்கேயே இருக்கட்டும். பிள்ளை இருக்கும் இடத்துக்குத் தாய் தகப்பன் போவதுதான் முறை. மாதாவையும் சூசையப்பரையும் அம்மாவின் பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு வருவேன். மாடும் கழுதையும் பெட்டியில் கொள்ளவில்லை. ஹாஜிரா பீ வீட்டு அலமாரியில் விட்டிருக்கிறேன். "இதுங்களுக்குத் தீனி போடணுமா டீச்சரம்மா?" என்று கேட்டார்கள். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் நீயும் எழுதாமல், நானும் எழுதாமல் வைத்திருந்தது. போன வருஷம் ஆகஸ்டில் நீ தந்தி கொடுத்தாய், "அம்மா ஆபத்து உடனே வரவும்" என்று. அடுத்த வண்டி ஏறியிருந்தால் நான் அம்மாவைப் பார்த்திருக்கலாம். நான் ஏறவில்லை. "கொண்டுபோனவளே பார்த்துக்கொள்ளட்டும்" என்று பதில் தந்தி கொடுத்தேன். அந்த வார்த்தைகளை நானே தபாலாபீசில் நின்று எழுதினேன். அம்மாவை அப்பாவின் பக்கத்தில் வைக்கவில்லை என்று உன்னை ஏசியவள், உயிரோடு இருந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அந்தத் தந்தி வந்தபோது அம்மாவுக்கு நினைவு இருந்ததா? வாசித்துக் காட்டினாயா? கடைசியில் என்னைக் கேட்டார்களா? கேட்டபோது நீ என்ன சொன்னாய்? இதற்குப் பதிலை எழுதாதே. காகிதத்தில் பார்க்க என்னால் ஆகாது. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. என்னவாக இருந்தாலும் கேட்டுக்கொள்வதென்று தீர்மானித்துத்தான் வருகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனி. இந்த வார்த்தையை யாரிடமும் நான் எழுதியதில்லை.

என்னை மன்னித்துக்கொள்.

உன் அக்கா,
ஃப்ளோரா

*

சேசு மரி சூசை துணை

சாம்பியன் ரீஃப்
21-12-1943, தோமையார் திருநாள்

என் அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். வியாழக்கிழமை சாயங்காலம் நால்வரும் சுகமாக இருப்போம்.

இது உங்கள் கைக்குக் கிடைக்குமோ, அதற்குள் புறப்பட்டுவிடுவீர்களோ தெரியாது. எதற்கும் எழுதிப் போடுகிறேன். அவர் லீவு கேட்டுவிட்டார். பௌரிங்பேட்டை ஸ்டேஷனிலேயே நாங்கள் நிற்போம், வண்டி மாறும் கவலை உங்களுக்கு வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். மாதாவும் சூசையப்பரும் இந்த முறை இடம் கேட்டு வாசல் வாசலாக அலைய வேண்டாம் என்று நோரா சொல்லச் சொன்னாள். குடில் வைத்திருக்கும் மர அடுக்கில் அவர்களுக்கு இப்போதே இடம் ஒதுக்கிவிட்டாள்.

நன்மை வாங்க நான் அனுமதிப்பதாவது அக்கா? சின்ன வயதில் என் கையைப் பிடித்து முதல் நன்மைக்கு அழைத்துப்போனது யார்?

நீங்கள் எழுதாதே என்று சொன்னதை எழுதவில்லை. அம்மா என்னிடம் சொன்னதை உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வேன். அதை உங்களுக்காகத்தான் சொன்னார்கள், இத்தனை நாள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதலாம் என்று நினைக்கிறேன். பயப்பட வேண்டாம் அக்கா. வாருங்கள்.

ஆனி